புரோட்டானுக்குப் போகலாமா சார்?

எங்கள் பக்கம் ரேடியேஷனை யாரும் ரேடியேஷன் என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிறது" என்றுதான் பேர். "எங்க அம்மாவுக்கு முப்பது கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க" என்பார்கள். ஒரு தடவை தொண்டையில் கட்டி வந்த ஒரு ஆச்சி, முகத்துக்கு மாஸ்க் மாட்டி மேசையில் படுக்க வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நடுவுல கரண்டு போயிட்டா என்னய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது சரியான கேள்வி. மின்சாரம் போனால் கதிர் அந்த நொடியே நின்றுவிடும். அதுவரை எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்ற கணக்கை மெஷின் வைத்திருக்கும், விட்ட இடத்தில் இருந்து மிச்சத்தைக் கொடுத்து முடிப்போம். ஆச்சிக்கு அதைச் சொன்ன பிறகுதான் கையை விட்டார்.

நான் டாக்டர் இல்லை. மெடிக்கல் பிசிசிஸ்ட், தமிழில் மருத்துவ இயற்பியலாளர். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு டோஸ் வேண்டும் என்று டாக்டர் ஸ்கேனில் கோடு போட்டுக் கொடுப்பார். எந்தக் கோணத்தில் இருந்து எவ்வளவு கதிர் அனுப்பினால் அந்தக் கோட்டுக்குள் டோஸ் நிறையும், பக்கத்தில் இருக்கும் நல்ல உறுப்பு தப்பிக்கும் என்று கணக்குப் போட்டு, மெஷின் அந்தக் கணக்குப்படிதான் நடக்கிறதா என்று தினமும் காலையில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். கொஞ்ச வருஷமாக ஒரு கேள்வி வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது, பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு வீடியோவோடு சேர்ந்து: "புரோட்டானுக்குப் போகலாமா சார்?" அதாவது, வழக்கமான எக்ஸ்ரே கதிருக்குப் பதில் புரோட்டான் என்ற துகளால் கரண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று.

போன வருஷம் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தார். அறுபத்தெட்டு வயது, புராஸ்டேட் கேன்சர், வேறு எங்கும் பரவவில்லை. கையில் பச்சைக் கலர் ஃபைல், உள்ளே ரிப்போர்ட்டுகள் தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு வெள்ளைத்தாளில் அட்டவணை. உட்கார்ந்ததும், "அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் நஞ்சை கிடக்கு. வித்துரலாம்னு இருக்கேன். புரோட்டான் சக்தி ஜாஸ்தியாமே?" என்றார். பக்கத்தில் அவர் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலத்தை விற்பதில் அவனுக்கு மனசில்லை, ஆனால் அப்பாவுக்கு எதிராக அதைச் சொல்ல முடியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

முதலில் அந்த "சக்தி ஜாஸ்தி" விஷயத்தை முடித்துவிடுவோம், இதில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். நாம் சாதாரணமாகக் கொடுக்கும் கதிரை விட புரோட்டான் செல்லைக் கொல்லும் திறன் சுமார் பத்து சதவீதம் கூடுதல் என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பத்து சதவீதத்தையும் டோஸில் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஆக, கட்டிக்குக் கிடைக்கும் அடி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் எல்லாம் கட்டியைத் தாண்டிய பிறகுதான் இருக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பது லினாக், அதாவது லீனியர் ஆக்சிலரேட்டர். அதில் இருந்து வருவது அதிக சக்தி கொண்ட எக்ஸ்ரே. ஆறு மெகாவோல்ட் கதிர் என்றால் தோலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே உச்சத்தைத் தொட்டு, அங்கிருந்து மெல்லக் குறைந்துகொண்டே போகும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்கும், இருபது சென்டிமீட்டரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும், அப்புறம் மறுபக்கமாக வெளியே போய்விடும். அதற்கு நிற்கத் தெரியாது. அதனால்தான் நாங்கள் ஒரே பக்கமாகக் கொடுக்காமல் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறோம், எல்லாக் கதிரும் கட்டியில் சந்திக்கும்படி.

புரோட்டானுக்கு நிற்கத் தெரியும். நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் கிளம்பி வழியில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொஞ்சம் கொஞ்சம் பேரை இறக்கிவிட்டு வருகிறது, நெல்லை வந்ததும் மிச்சம் எல்லாரும் இறங்கியாக வேண்டும், அதற்கு மேல் வண்டி போகாது. (மதுரையிலேயே பாதி ரயில் காலியாகிவிடும் என்று யாரும் கமெண்டில் வரவேண்டாம், உதாரணத்துக்குச் சொன்னேன்.) புரோட்டான் என்பது ஹைட்ரஜன் அணுவின் கரு, எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு எடை. வேகமாகப் பாயும்போது வழியில் இருக்கும் அணுக்களோடு பழக அதற்கு நேரம் இல்லை, அதனால் சக்தியைக் கொஞ்சமாகத்தான் விட்டுவிட்டுப் போகும். வேகம் குறையக் குறைய ஒவ்வோர் இடத்திலும் அதிக நேரம் தங்கி அதிகமாகக் கொட்டும், கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அந்த இடத்துக்கு பிராக் உச்சம் என்று பெயர். அதன் சக்தி 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்றால் தண்ணீரில் முப்பத்திரண்டு சென்டிமீட்டர் வரை போகும், 70 என்றால் நாலு சென்டிமீட்டர். எங்கே நிற்க வேண்டுமோ அதற்கேற்ற சக்தியில் கிளப்பிவிடலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று விளம்பரங்களில் வருகிறதே, அது எனக்கு எப்போதும் வேடிக்கை. வில்லியம் பிராக் இந்த உச்சத்தை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆல்ஃபா துகள்களில் பார்த்து எழுதியது 1900களின் தொடக்கத்தில். ராபர்ட் வில்சன், லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த அதே வில்சன், இதைக் கேன்சருக்குப் பயன்படுத்தலாமே என்று கட்டுரை எழுதியது 1946இல். பெர்க்லியில் முதல் நோயாளிக்குக் கொடுத்தது 1954இல். அந்த மெஷின்கள் எல்லாம் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடங்களில் இருந்தன. கண்ணுக்கு மட்டும் என்று இல்லாமல் உடம்பின் ஆழத்துக்கும் போகும் புரோட்டான் மெஷினை, கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் 1990இல்தான் முதன்முதலாக ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அமைத்தார்கள். நம் சென்னை தரமணியில் அப்போலோ குழுமத்தின் மையம் 2019 ஜனவரியில் வந்தது, தெற்காசியாவில் அதுதான் முதல். அடுத்து நவி மும்பை கார்கரில் டாடா மெமோரியலின் மையம் 2023இல் சிகிச்சையைத் தொடங்கியது. இத்தனை வருஷம் ஆனதற்குக் காரணம் மெஷினின் உருவம்தான். புரோட்டானை வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் ஒன்றே இருநூறு டன்னைத் தாண்டும், அதில் இருந்து வரும் கதிரை நோயாளியைச் சுற்றித் திருப்பும் சட்டம் மூன்று மாடி உயரம், சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் சுவர். நயோபியம் டைட்டானியம் கம்பியைத் திரவ ஹீலியம் அளவுக்குக் குளிர வைத்தால் மின்தடையே இல்லாமல் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும். அந்தக் கம்பியில் செய்த காந்தங்கள் வந்த பிறகு இப்போது ஐம்பது டன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். உடம்புக்குள் நடக்கும் வைத்தியம் ஒரு கம்பியின் குணத்தால் மலிவாகிறது என்பதை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம். மலிவு என்றால் நமக்கு மலிவு என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, யாருக்கு இது உண்மையிலேயே வேண்டும்?

ஒரு லாரி டிரைவர், ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சிறுமூளையில் வந்த மெடுல்லோபிளாஸ்டோமா, கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த நோய் மூளையைச் சுற்றி ஓடும் நீரில் கலந்து முதுகுத்தண்டு வழியே இறங்கக்கூடியது, அதனால் மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் கொடுத்தாக வேண்டும். எங்கள் லினாக்கில் எப்படி வரும் என்று ஒரு பிளான் போட்டேன். டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டுத் திரையில் காட்டச் சொன்னார். குழந்தையைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்த்த மாதிரிப் படம். முதுகுத்தண்டு முழுவதும் சிவப்பு, அதாவது முழு டோஸ். அதில் இருந்து முன்பக்கம் டோஸ் குறையக் குறைய மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறிக்கொண்டே போகிறது. அவர் விரலைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், கேட்டார்: "சார், இந்த நீலம் ஏன் நெஞ்சு வரைக்கும் வருது?"

அது நெஞ்சோடு நிற்கவில்லை. தைராய்டு, இதயம், நுரையீரல், கல்லீரல், குடல் எல்லாவற்றின் மேலும் அந்த நீலம் கிடந்தது. எழுபது வயதுக்காரருக்கு அந்த நீலத்தைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஏழு வயதுக் குழந்தை இன்னும் அறுபது எழுபது வருஷம் அந்த இதயத்தை வைத்துக்கொண்டு வாழ வேண்டும். சின்ன டோஸின் பாதிப்பு இருபது முப்பது வருஷம் கழித்து இதய நோயாகவோ, தைராய்டுக் கோளாறாகவோ, வேறொரு புதிய கேன்சராகவோ வரலாம். கதிர் பட்ட இடத்தில் வளர்ச்சியும் குன்றும். முள்ளெலும்பில் பாதிக்கு டோஸ் பட்டு மீதிப் பாதி தப்பித்தால் முதுகு கோணலாக வளரும், அதனால் வளரும் குழந்தைகளுக்கு எலும்பு முழுவதையும் சமமாக நனைத்துத்தான் பிளான் போடுவோம். புரோட்டானில் அந்த எலும்பின் முன் விளிம்போடு கதிரை நிறுத்திவிடலாம். நீலம் இருந்த இடம் வெறும் கறுப்பாக இருக்கும். கொஞ்சம் குறைந்திருக்கும் என்று சொல்லவில்லை, அங்கே கதிரே ஏறக்குறைய இருக்காது.

மூளைக்குப் போகும் டோஸ் அப்படியே போகும், அதில் இருந்து தப்ப வழி இல்லை. படிப்பில் மந்தம், ஹார்மோன் குறைவு எல்லாம் புரோட்டானிலும் வரலாம், வருஷக்கணக்கில் டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் அவரிடம் மறைக்காமல் சொன்னார். அன்று சாயங்காலமே கடிதம் கொடுத்து, ஸ்கேன் டேட்டாவை அனுப்பி, சமூகப் பணியாளரை உட்கார வைத்து எந்த அறக்கட்டளைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று எழுதிக்கொடுத்தோம். அவசரத்துக்குக் காரணம் உண்டு: இந்த நோயில் ஆபரேஷன் முடிந்து ஐந்து, ஆறு வாரத்துக்குள் கதிரைத் தொடங்க வேண்டும், ஏழு வாரத்தைத் தாண்டினால் நோய் திரும்பும் ஆபத்து கூடும். குழந்தைக்கு முப்பத்து மூன்றாவது நாளில் தொடங்கிவிட்டார்கள். பணம் சேராமல் போயிருந்தால்? எங்கள் லினாக்கிலேயே நாள் தவறாமல் ஆரம்பித்திருப்போம், அதைத்தான் அவரிடமும் சொல்லியிருந்தோம். நீலத்தைத் தவிர்ப்பதற்காகச் சிவப்பைத் தள்ளிப்போட முடியாது.

குழந்தைகளின் கட்டிகள் போல இன்னும் சில இடங்கள் உண்டு. மண்டை ஓட்டின் அடிப்பாகத்தில் வரும் கார்டோமா என்ற கட்டி: மூளைத்தண்டுக்கும் கண் நரம்புக்கும் மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும், ஆனால் அழிக்க மிக அதிக டோஸ் கேட்கும். கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற கேன்சர். ஏற்கெனவே கதிர் வாங்கிய இடத்தில் நோய் திரும்பி மறுபடி கொடுக்க வேண்டிய நிலை. இவற்றில் யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

இப்போது வாத்தியாருக்கு வருவோம். புராஸ்டேட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல மலக்குடல் இருக்கிறது. புரோட்டானுக்குத்தான் நிற்கத் தெரியுமே, முன்னால் இருந்து அனுப்பி மலக்குடலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்திவிட வேண்டியதுதானே என்று அவர் கேட்டார். (நல்ல வாத்தியார்.) அப்படிச் செய்யத் துணிய மாட்டோம் என்பதுதான் இந்தத் தொழிலின் உள்ரகசியம். எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை சிடி ஸ்கேனில் இருந்து கணக்கிடுகிறோம், சிடியோ எக்ஸ்ரேயில் எடுத்தது. எக்ஸ்ரே எப்படித் தடுக்கப்படுகிறது என்று பார்த்து, புரோட்டான் எப்படித் தடுக்கப்படும் என்று மொழிபெயர்க்கிறோம். எந்த மொழிபெயர்ப்பிலும் கொஞ்சம் பிசகும். அதற்கென்று வழக்கமாக மூன்றரை சதவீதம் ஒதுக்குவார்கள். இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஏழு மில்லிமீட்டர். வயிற்றில் வாயு கொஞ்சம் நகர்ந்தாலோ, சிறுநீர்ப்பை நேற்றை விட நிறைந்திருந்தாலோ வண்டி நிற்கும் ஸ்டேஷனே மாறிவிடும். அதனால் புராஸ்டேட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு இடுப்புப் பக்கமாகத்தான் புரோட்டானை அனுப்புகிறார்கள். அப்படி வந்தால் மலக்குடல் கதிரின் பக்க ஓரத்தில் வருகிறது, இருபத்தைந்து சென்டிமீட்டர் ஆழம் போன புரோட்டான் கற்றையின் பக்க ஓரமோ, லினாக் கதிரின் ஓரத்தை விடக் கூராக இருப்பதில்லை. புரோட்டானின் மிகப் பெரிய பலம் எதுவோ, அதை மிக அவசியமான இடத்தில் பயன்படுத்த முடியவில்லை.

இதை வெறும் கணக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பார்ட்டிகுவால் என்ற ஆய்வில் ஏறத்தாழ நானூற்றைம்பது புராஸ்டேட் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரோட்டான், மறு பாதிக்கு நவீன லினாக் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவு: மலக்குடல், சிறுநீர், தாம்பத்தியம் என்று எதை எடுத்துப் பார்த்தாலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, நோய்க் கட்டுப்பாடும் ஒரே மாதிரி. இரண்டு குழுவுமே நன்றாக இருந்தார்கள் என்பதுதான் அதில் நல்ல செய்தி. நான் இதைச் சொன்னபோது வாத்தியார் தன் அட்டவணையில் ஒரு வரியை அடித்தார். மகன் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

மற்ற இடங்களில் விடை இவ்வளவு சுத்தமாக இல்லை. உணவுக்குழாய்க் கேன்சரில், 2020இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் புரோட்டான் வாங்கியவர்களுக்கு இதய, நுரையீரல் தொல்லைகளையும் சேர்த்துப் பார்த்த மொத்தப் பக்கவிளைவு தெளிவாகக் குறைந்தது, ஆயுள் கூடவில்லை. தொண்டைக் கேன்சரில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, வயிறு வழியாக டியூப் போட்டுச் சாப்பிடும் நிலை குறைகிறது என்றது. பிரிட்டனில் நடந்த இன்னொன்று, நாங்கள் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை என்றது. நுரையீரலில் பழைய முறைப் புரோட்டானைச் சோதித்த ஆய்விலும் எதிர்பார்த்த லாபம் வரவில்லை. அதனால் "தொண்டைக்குப் போகலாமா?" என்று கேட்டால் நான் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன். இரண்டு பிளானும் போட்டு, அந்த மனிதருடைய உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் விழுங்கும் தசைக்கும் எவ்வளவு மிச்சமாகிறது என்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்குப் பெரிய வித்தியாசம் வரும், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. நோயின் பெயரை மட்டும் வைத்து முடிவு சொல்பவரை நம்பாதீர்கள், அவர் எந்தப் பக்கம் சொன்னாலும் சரி.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. நாக்கில் கேன்சர் வந்து ஆபரேஷன் முடிந்த ஒருவர். ஒரு இடைத்தரகர் அவர் வீட்டுக்கே போய், "இங்க வைக்கிறது பழைய கரண்டு, உடம்பையே எரிச்சிரும், அங்க வைக்கிறது லேசர் மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். அவர் மனைவி நகையை வைத்து, மைத்துனரிடம் கேட்டு, சீட்டை எடுத்து என்று பணம் சேர்த்தார்கள். பாதிதான் சேர்ந்தது. எங்களிடம் திரும்பி வந்தபோது ஆபரேஷன் முடிந்து பதினொரு வாரம். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கெட்டி தட்டுப்பட்டது. வாய், தொண்டைக் கேன்சரில் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு வாரத்துக்குள் கதிரைத் தொடங்க வேண்டும், தொடங்கிய பிறகு நடுவில் விடும் ஒவ்வொரு நாளுக்கும் நோய்க் கட்டுப்பாடு ஒரு சதவீதமாவது கழிகிறது என்பது எங்கள் துறையில் பால பாடம். அந்த மனிதருக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. லினாக் சிகிச்சை கைக்காசு இல்லாமல் அந்த ஆறு வாரத்துக்குள்ளேயே தொடங்கியிருக்கலாம். பழைய கரண்டாம்.

அப்புறம், யாரும் கேட்காத ஒரு விஷயம், ஆனால் நான் எல்லாரிடமும் கேட்பது: உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா?

முதுகெலும்பில் கட்டி இருந்த ஒரு அம்மா, புரோட்டானுக்கு மிகப் பொருத்தமான நோய். ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டு எலும்பைத் தாங்க டைட்டானியம் கம்பியும் ஸ்க்ரூவும் வைத்திருந்தார்கள். சிடி எடுத்துப் பார்த்தால் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் இருந்து தீபாவளி மத்தாப்பு மாதிரி கோடு கோடாகச் சிதறுகிறது, சுற்றி என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. லினாக் கதிருக்கு இது தொந்தரவு, சமாளிக்கலாம். புரோட்டானுக்கு இது வழியில் தண்டவாளத்தையே மாற்றி வைத்த மாதிரி. டைட்டானியத்தைக் கடக்கும்போது சதையைப் போல சுமார் மூன்று மடங்கு வேகமாகச் சக்தியை இழக்கும், எங்கே நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் இப்படிப்பட்ட முதுகெலும்புக் கட்டிகளுக்குப் புரோட்டான் கொடுத்த அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தபோது, உலோகம் வைத்தவர்களுக்கு நோய்க் கட்டுப்பாடு மற்றவர்களை விட மோசமாக இருந்தது.

இதற்குத் தீர்வு பொருளறிவியலில் இருந்து வந்தது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பீக் என்று ஒரு பிளாஸ்டிக் உண்டு, 1970களின் கடைசியில் இங்கிலாந்தில் ஐசிஐ நிறுவனத்தில் உருவானது, விமானப் பாகங்களுக்கும் எஞ்சினுக்கும் போனது. அதற்குள் கார்பன் இழைகளைச் செருகினால் உறுதியாகிவிடுகிறது, அதே சமயம் சிடியில் மத்தாப்பு வராது, புரோட்டானும் ஏறக்குறைய சதையைக் கடப்பது போலவே கணக்குக்கு அடங்கிக் கடக்கிறது. இன்னொரு லாபம்: டைட்டானியக் கலவையின் விறைப்பு நம் எலும்பைப் போல ஐந்தாறு மடங்கு, அதனால் பாரம் எல்லாம் கம்பியே தாங்கி எலும்பு சோம்பேறியாகி மெலிந்துபோகும். கார்பன் இழை பீக்கை எலும்பின் விறைப்புக்கு நெருக்கமாகவே செய்யலாம். குறையும் உண்டு. ஆபரேஷன் மேசையில் சர்ஜன் கம்பியை வளைத்துப் பொருத்த முடியாது, ஏற்கெனவே வளைத்து வந்த அளவில்தான் பொருத்த வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் ஸ்க்ரூ எங்கே போயிருக்கிறது என்று பார்க்க உள்ளே டான்டலம் என்ற உலோகத்தில் சின்னக் குறி வைக்கிறார்கள். விலையும் அதிகம். ஆனாலும் முதுகெலும்புக் கட்டிக்கு ஆபரேஷன், அப்புறம் கதிர் என்று இரண்டும் பேசும்போது, "உள்ளே வைக்கப் போற கம்பி எதுல செஞ்சது டாக்டர், பின்னாடி கரண்ட் வைக்க இடைஞ்சலா இருக்குமா?" என்று ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வைத்த பிறகு என்னிடம் கேட்டால் நான் கையைப் பிசைவதைத் தவிர வேறு வழி இருக்காது. அந்த அம்மாவுக்கு இறுதியில் லினாக்கிலேயே ஒன்பது கோணத்தில் பிளான் போட்டு முடித்தோம், நன்றாகத்தான் வந்தது, ஆனால் நான் விரும்பிய டோஸ் அது இல்லை.

பெரிய மெஷின் இல்லாமலே பெரிய லாபம் தரும் சின்ன விஷயங்களும் வந்துவிட்டன, அவற்றுக்கு விளம்பரம் இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. புராஸ்டேட்டுக்கும் மலக்குடலுக்கும் நடுவில் ஊசி மூலம் ஒரு ஜெல் செலுத்தினால் இரண்டுக்கும் இடையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி உண்டாகிறது, ஆறு மாதத்தில் அது தானாகக் கரைந்து வெளியேறிவிடும். கதிருக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய தூரம். இடது மார்பகக் கேன்சரில் அதுகூட வேண்டாம், நோயாளி மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டால் நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரில் இருந்து விலகிப் போகும், அந்த இருபது இருபத்தைந்து நொடிக்குள் கதிரைக் கொடுத்து நிறுத்திவிடுவோம். இதற்காக எங்கள் பெண் நோயாளிகளை வீட்டில் மூச்சுப் பிடித்துப் பழகிவரச் சொல்வோம். ஒரு அம்மா, "குளத்துல முங்குநீச்சல் அடிச்சவ சார் நான், முப்பதே பிடிப்பேன்" என்று சொல்லிப் பிடித்தும் காட்டினார்.

ஃபிளாஷ் என்று ஒன்று செய்திகளில் அடிபடுகிறது, அதையும் கேட்கிறார்கள். வழக்கமாக நிமிடக்கணக்கில் கொடுக்கும் டோஸை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் கொட்டினால் கட்டி அதே அளவு சாகிறது, நல்ல திசு மட்டும் ஏனோ தப்பிக்கிறது என்று பிரான்ஸில் எலிகளில் பார்த்து 2014இல் எழுதினார்கள். மனிதர்களில் இன்னும் ஆரம்பக் கட்டம்தான்: அமெரிக்காவின் சின்சினாட்டியில் எலும்புக்குப் பரவிய கேன்சர் உள்ள பத்துப் பேருக்கு, வலி குறைய, புரோட்டான் ஃபிளாஷ் கொடுத்துப் பார்த்தார்கள், பாதகம் ஒன்றும் பெரிதாக இல்லை. இதற்காக இன்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள்.

வாத்தியார் எங்களிடமே இருபது நாள் வந்து முடித்துக்கொண்டார். நஞ்சை அப்படியே இருக்கிறது, அறுப்பு முடிந்து ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை.

கடைசியாக, புரோட்டானோ லினாக்கோ, இரண்டாவது கருத்துக் கேட்க எங்கே போனாலும் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேன் பிலிம் போதாது, அதை வைத்துக்கொண்டு எங்களால் கணக்குப் போட முடியாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் "டைகாம் டேட்டா வேணும், டிஸ்க்லயோ பென்டிரைவ்லயோ போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள், கொடுப்பார்கள். டைகாம் என்பது ஸ்கேனின் அசல் டிஜிட்டல் ஃபைல். ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், முன்பு எப்போதாவது கதிர் வாங்கியிருந்தால் அந்த டோஸ் விவரம், இவையும் சேர்த்து. முன்பு கரண்ட் வைத்த ஆஸ்பத்திரியில் "எத்தனை கரண்ட்" என்ற எண்ணிக்கையை மட்டும் எழுதித் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எத்தனை கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு), எந்தெந்த இடத்தில், என்று பிளானையே கேட்டு வாங்குங்கள்.